மூன்றாம் புத்தகத்தில் திரும்பி வருகிறவன்

சௌந்திரம் அக்கா புத்தகத்தைத் தையல் மெஷின் மேல் போட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஊசி பட்டென்று முறிந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊசிக்காக இல்லை. புத்தகத்தை அப்படிப் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நறுக்கென்று ஏதாவது சொல்லலாம் என்று நிமிர்ந்தால் அந்த முகம் அழுது அழுது வீங்கியிருந்தது.

"இந்த மாதிரிப் புஸ்தகத்தை எனக்கு எதுக்குங்க குடுத்தீங்க?" என்றாள்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி மாதம். ஆட்டையாம்பட்டியில் மருதாசலண்ணன் சைக்கிள் கடையை ஒட்டிய அறையில் நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கடையில் சைக்கிள் மட்டுமில்லை, புத்தகமும் வாடகைக்குக் கிடைக்கும். டியூப், செயின், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூசன் டப்பா எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மரபீரோ. அதில் முந்நூறு புத்தகம் இருந்தால் அதிகம். எதைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் கிரீஸ் கைரேகை இருக்கும். அண்ணன் அதில் ஒன்றைக்கூடப் படித்தவரில்லை. யாராவது வந்து நின்றால், "தெய்வநாயகி, இவுங்களுக்கு என்ன குடுக்கறதுன்னு பாத்துச் சொல்லு அம்மிணி" என்று என் பக்கம் தள்ளிவிடுவார்.

எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. ஊரில் யார் எதைப் படிப்பது என்று நான்தான் சொல்ல வேண்டும். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போதே ஆளைக் கணித்துவிடுவேன். கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொல்கிறவளுக்குக் காதல் கதை. மிச்சத் துணி எங்கே, வெட்டுத்துண்டு எங்கே என்று கேட்கிறவளுக்குத் துப்பறியும் கதை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறவளுக்கு மாயாஜாலம். நான் சொன்னதை விட்டுவிட்டு வேறு எதையாவது எடுத்துப் போனவளின் ஜாக்கெட் இரண்டு நாள் தள்ளித்தான் கிடைக்கும். நான் வேண்டுமென்று செய்ததில்லை. அப்படித்தான் ஆகிவிடும்.

அந்த பீரோவில் எனக்கு உயிர் 'சுழிக்கோட்டை'. சேலத்தில் பழைய பேப்பர் கடையிலிருந்து அண்ணன் எடைக்கு வாங்கி வந்த மூட்டையில் கிடைத்தது. மொத்தம் ஐந்து பாகம் என்று ஒரு பக்கத்தின் ஓரத்தில் போட்டிருந்தது. மூட்டையில் இருந்தது நான்கு. நான்கிலும் அட்டை, முன்னால் சில தாள்கள், பின்னால் ஒன்றிரண்டு தாள்கள் எல்லாவற்றையும் கரையான் தின்றிருந்தது. எது எத்தனையாவது பாகமென்று கடவுளுக்குத்தான் தெரியும். "நீயே படிச்சுப் பாத்து அடுக்கிக் குடு, பைண்டுக்குப் போடோணும்" என்றார் அண்ணன். நான்கு நாள் தையலை ஓரங்கட்டிவிட்டுப் படித்தேன். அந்த நான்கு நாளைப் போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

கதை இதுதான். நடுக்கடலில் ஒரு பெரிய சுழி, சுழிக்கு நடுவே ஒரு கோட்டை. அதை ஆளுகிறவள் செங்காந்தள். அவளுக்கு ஒரே தம்பி மாறவேள். ஒரு புத்தகத்தில் மாறவேள் சுழியின் அடியில் கிடக்கிற மந்திரச்சாவியை எடுக்கக் குதிக்கிறான், மேலே வருவதில்லை. இன்னொன்றில் செங்காந்தள் தம்பியில்லாமல் தனியாக இருந்து நாட்டை ஆளுகிறாள். மற்றொன்று ஆரம்பிக்கும்போதே மாறவேள் கடலிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து கரைக்கு நடந்து வருகிறான். அக்காள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, 'வந்துவிட்டாயா' என்று அழுகிறாள். கடைசியாக ஒன்றில் இரண்டு பேருமாகச் சேர்ந்து பகைவரை விரட்டிவிட்டு ஒரே இலையில் சாப்பிடுகிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? செத்தான், அழுதாள், வந்தான், ஜெயித்தார்கள். கிடைக்காதது ஐந்தாவதாக இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். பைண்டாகி வந்ததும் முதுகில் நானே வெள்ளைப் பெயின்டால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினேன்.

ஒரே ஒரு இடம் உறுத்தியது. சாகும்போது தாடி வைத்திருந்த ஆள் திரும்பி வரும்போது மீசை அரும்பின பையனாக வருகிறான். படித்தவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். "கடலுக்கடியில போயிட்டு வந்தவனுக்கு வயசு கொறையாதா? மாயாஜாலக் கதையில இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று வாயை அடைத்துவிட்டேன். மளிகைக்கடை வேலுமணி, உப்புத் தண்ணீரில் தாடி கொட்டிப்போயிருக்கும் என்று சொல்லி எனக்கு ஒத்தாசை செய்தார். ஆட்டையாம்பட்டியில் நாற்பது பேருக்கு மேல் அந்த வரிசையில்தான் படித்தார்கள். நாற்பது பேரும் என்னிடம் வந்து நன்றி சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சௌந்திரம் அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். வீட்டுக்காரர் லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அக்கா வீட்டிலேயே கைமுறுக்குச் சுற்றிக் கடைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அளவெடுக்க வந்த அன்றைக்குக் கையைத் தூக்குங்கள் என்றால் தூக்கினாள், திரும்புங்கள் என்றால் திரும்பினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கணித்துவிட்டேன். கேட்காமலே ஒன்றாவது புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். மறுநாள்தான் ஊசி முறிந்தது.

"என்ற தம்பியும் இப்பிடித்தானுங்க போனான்" என்றாள். அவள் பிறந்த ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். தம்பி குழந்தைவேலுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில், காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடும்போது, அக்கரைக்கு நீந்திப் போய்விட்டு வருகிறேன் பாருங்கள் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறான். பாதி ஆறு வரைக்கும் தலை தெரிந்ததாம். அப்புறம் தெரியவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். என் புத்தி எங்கே போனது பாருங்கள்: இருக்கிறதிலேயே நல்ல கதையை ஒன்றாவது புத்தகத்தோடு மூடுகிறாளே என்று போனது. கதையை முன்கூட்டிச் சொல்கிறவர்களை நான் வீட்டுப்படி ஏற்றமாட்டேன். அன்றைக்கு அதையும் செய்தேன்.

"அவசரப்படாதீங்கக்கா. மூணாவது புஸ்தகத்துல அவன் திரும்பி வாரான்."

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "நெசமாவுங்களா?"

"நெசந்தானுங்க. படிங்க."

இரண்டாவது புத்தகத்தை அவள் ஒரே பகலில் முடித்துவிட்டு வந்தாள். மூன்றாவதைக் கொண்டுபோனவள் தானாகத் திருப்பித் தரவேயில்லை. "மூணாம் நம்பரு கடையில தங்கறதே இல்லையே அம்மிணி" என்று மருதாசலண்ணன் புலம்பினார். கேட்டால் கொண்டுவருவாள்; வேறு யாராவது படித்துவிட்டுத் தந்ததும் மறுபடி எடுத்துக்கொண்டு போவாள். மாறவேள் கரையேறுகிற அந்த முதல் அத்தியாயம் அவளுக்கு மனப்பாடம். பேசவே பேசாதவள் மத்தியானமானால் என் அறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். உடைந்த முறுக்கைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவாள். நான் கொக்கி தைத்துக்கொண்டே கேட்பேன். அவள் மாறவேளைப் பற்றி ஆரம்பித்துக் குழந்தைவேலில் போய் முடிப்பாள். அவனும் இப்படித்தான் தலையைத் துவட்டாமல் வந்து சோற்றுக்கு உட்காருவானாம். அவனுக்கும் கொத்தவரங்காய் ஆகாதாம். மாறவேளுக்குக் கொத்தவரங்காய் ஆகாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை, நான் திருத்தவில்லை. எத்தனை புத்தகம் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன்! அந்த மூன்று மாதம் அவள் படித்ததைப் போல யாரும் படித்து நான் பார்த்ததில்லை. பஞ்சருக்குத் தேய்க்கிற உப்புத்தாள் சத்தம், பொரித்த எள் வாசம், அவள் சிரிப்பு.

தை பிறந்து நாலாம் நாள் அவளுடைய அப்பா வந்தார். சின்னுசாமி என்று பெயர். வேட்டியெல்லாம் பஸ் புழுதியோடு என் அறை வாசலில் நின்றார்.

"நீங்கதானுங்களா புஸ்தகம் குடுக்கற அம்மிணி?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இரண்டு வருஷம் பார்த்தாகிவிட்டது, இனியும் தள்ள முடியாது, மாசியில் பையனுக்குக் கருமாதி செய்துவிடலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லி மகளைக் கூப்பிட வந்திருக்கிறார். உயிரோடு இருக்கிறவனுக்கா கருமாதி செய்கிறீர்கள் என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

"அவ அம்மா படுத்த படுக்கையா இருக்கறா சாமி. பையனுக்கு ஒரு வாய் தண்ணி எறைக்காமக் கெடக்குதேன்னு அழுவறா. இவ கூடப் பொறந்தவ. இவ வராம நாங்க எப்பிடிங்க செய்யறது? நீங்க சொன்னாக் கேப்பான்னாங்க. சித்தே சொல்லுங்க சாமி."

அன்றைக்குச் சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவள் என்னை ஆரம்பிக்கவே விடவில்லை.

"நீங்கதான அம்மிணி சொன்னீங்க, திரும்பி வாரான்னு."

"அது கதைங்கக்கா."

"கதைதான். ஒண்ணுமே தெரியாமயா எழுதியிருப்பாங்க? எங்கயோ எவனோ வந்திருக்கப் போய்த்தான எழுதியிருக்காங்க."

வாசலில் கழற்றிய செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அயோத்தியாப்பட்டணத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் முறையுள்ள பச்சமுத்து வாத்தியார் வீட்டில் புதுமனை புகுவிழா. பால் காய்ச்சிக் குடித்துவிட்டு எல்லோரும் பந்திக்குப் போக, நான் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனேன். கூடத்தில் கண்ணாடி வைத்த அலமாரி. அதில் மேல்தட்டில், அட்டை கலையாமல், சுழிக்கோட்டை ஐந்து பாகமும் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கண்ணாடியைத் தள்ளி எடுத்துப் புரட்டினேன். மாறவேள் கரையேறுகிற புத்தகத்தில் 'இரண்டாம் பாகம்' என்று அச்சடித்திருந்தது. அவன் சுழியில் குதிக்கிற புத்தகத்தில் 'நான்காம் பாகம்'.

பின்னால் வந்து நின்ற பச்சமுத்து அண்ணனிடம், "உங்க செட்டுல நம்பரைத் தப்பா அச்சடிச்சுட்டாங்கண்ணா" என்றேன்.

"என்னம்மா சொல்ற? நான் பத்து தடவ படிச்சிருக்கேன்."

"பத்துத் தடவயும் தப்பாப் படிச்சிருக்கீங்க. மொதல்ல சாகறான். அப்பறந்தான் வாரான்."

அவர் சிரித்துவிட்டார். முதல் பாகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். மாறவேள் மீன்பிடிப் படகில் போய்ப் புயலில் மாட்டிக்கொள்கிறான். ஏழு நாளாகத் தகவல் இல்லை, அக்காள் கரையில் நிற்கிறாள், அதோடு தொடரும். அப்புறம் ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். கரையான் தின்ற, நான் பார்க்காத பக்கம். செங்காந்தள் விளக்கை ஏற்றிவைத்துவிட்டுக் கோட்டைக்கதவைத் தானே சாத்துகிறாள். அதன் கீழே 'முற்றும்' என்று இருந்தது. இரண்டு மூன்று தடவை அந்தச் சொல்லையே படித்தேன். அட பாவி மகளே, என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பந்தியில் உட்காராமலே, முதல் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை வந்தது: யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டையும் அடுத்த முறை போகும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த நாற்பது பேரும் மாறவேள் அக்காளோடு ஒரே இலையில் சாப்பிடுகிறான் என்றே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அப்படியே இருந்தேன். ஒருத்தியின் கையை இன்னொருத்தியின் ஜாக்கெட்டில் வைத்துத் தைத்தேன். வாசலில் நின்றுகொண்டு சாமி சாமி என்ற அந்த மனுஷனின் குரல் காதைவிட்டுப் போகவில்லை. அக்கா மூன்றாவது புத்தகத்தோடு எத்தனை வருஷம் இப்படியே இருப்பாள்? மூன்றாம் நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா கூடத்தில் வெள்ளைத்துணி விரித்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். "உக்காருங்க அம்மிணி, கை மாவா இருக்குது" என்றாள். உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று தோன்றியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் கை விரல்கள் மாவை முறுக்கி முறுக்கிச் சுற்றிக்கொண்டே இருக்க, கண் மட்டும் பக்கத்தில் மேலும் கீழும் போனது. சுற்று முடிந்தது. நுனியை ஒட்டித் துணியில் வைத்தாள்.

"அப்ப அவன் தண்ணியிலிருந்து எந்திரிச்சு வாரானே, அது?"

"அது சாகறதுக்கு முன்னாலீங்கக்கா. புயல்ல மாட்டிட்டுத் தப்பிச்சு வாரான். சுழிக்குள்ள போனது அதுக்கப்பறம் ரொம்ப நாள் கழிச்சு. நாந்தான் தப்பா அடுக்கிட்டேன். நாந்தாங்கக்கா."

அழுதது நான். அவள் அழவில்லை. திட்டுவாள், மாவுக்கையாலேயே ஒன்று வைப்பாள் என்று எதிர்பார்த்தேன்; வைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த முறுக்குக்கு மாவைக் கிள்ளி எடுத்தாள்.

"அவன் போனதுக்கப்பறம் எத்தன பக்கம் இருக்குது?"

"ஒரு புஸ்தகமே இருக்குதுங்க. எரநூறு பக்கம் வரும்."

"நீங்க ரெண்டுன்னு நம்பர் போட்டதா?"

"ஆமாங்க."

"அதை ஒரே பகல்ல தள்ளிட்டனே அம்மிணி. அவன் எப்ப வருவான், எப்ப வருவான்னு பாத்துக்கிட்டே தள்ளுனேன். அவ என்ன பண்ணுனா, எப்பிடி இருந்தாங்கறதையே நான் பாக்கல." கொஞ்சம் நிறுத்தி, "அதை வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

வைத்துவிட்டு வந்தேன். பத்து நாள் அவள் என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை, போகப் பயம். அந்தப் புத்தகத்தை நானும் அண்ணன் கடைப் பிரதியில் மறுபடி படித்தேன். அதுவரைக்கும் அதை நான் யாருக்கும் பெரிதாகச் சொன்னதில்லை, நடுவில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இப்போது ஒரு வரியையும் விட மனசு வரவில்லை. செங்காந்தள் தம்பியின் படகை ஒரு மீனவனுக்குக் கொடுக்கிறாள். உப்பு அதிகமென்று சமையல்காரியோடு சண்டை போடுகிறாள். ஒருநாள் எதற்கோ சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள். இதையா இழுக்கும் என்று சொன்னேன்!

மாசி மாதம் ஒரு காலை அக்கா கையில் பையோடு வந்து நின்றாள். தலையை வாரிக் கட்டியிருந்தாள்.

"நாளைக் குறிச்சுட்டாங்களாம். அப்பா ஆளனுப்பியிருந்தாரு. போயிட்டு வாரேன் அம்மிணி."

கூட வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். எந்த முகத்தோடு கேட்பது? பஸ் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வந்ததும் பையை வாங்கிக்கொண்டு என் தோளை ஒருதரம் தொட்டாள். அதற்கே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பங்குனியில் திரும்பி வந்தாள், இளைத்துப்போய். முன்னைப்போல மத்தியானத்தில் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள். கருமாதி முடிந்தது, அம்மா எழுந்து நடமாடுகிறாள் என்று மட்டும் சொன்னாள். நான்கு புத்தகங்களின் முதுகிலும் நான் எழுதின எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். புது எண் எழுதச் சொல்லி மருதாசலண்ணன் இரண்டு தடவை கேட்டார். பிரஷை எடுத்தால் கை வரவில்லை.

அப்படி ஒரு மத்தியானம், புதிதாகக் கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்திருந்த வசந்தாமணி, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் பீரோ முன்னால் நின்றாள். நான்கையும் எடுத்து மெஷின் பலகையில் வரிசையாக வைத்தாள்.

"ஊட்டுக்குப் பக்கத்துல எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நம்பரே காணமே. இதுல எதைங்க மொதல்ல படிக்கோணும்?"

என் வாய் தன்னால் திறந்தது. அத்தனை வருஷத்துப் பழக்கம். கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன். துணியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன்.

சௌந்திரம் அக்கா முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். அவன் சொட்டச் சொட்டக் கரையேறுகிற புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

"இதுல அவன் இருக்கான். மெதுவாப் படிங்க" என்றாள்.

அந்தப் பெண் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். அக்கா உடனே விடவில்லை.